அந்தக் கப்பலில் போனவர்கள் யார்?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பகத்தில் 'கோட்டன்ஹாபன் மீது இரவு கவிந்தது' என்ற ஜெர்மன் படம் திரையிடப்பட்ட பின் நிகழ்த்திய உரை)



இப்போது நாம் பார்த்த படம் மேற்கு ஜெர்மனியில் எடுக்கப்பட்டு 1960-ம் ஆண்டு வெளிவந்தது. டைரக்ட் செய்தவர் பிராங்க் விஸ்பார். நாஜி ஆட்சியில் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குப் போய், யுத்தம் முடிந்து பல வருஷம் கழித்து ஊர் திரும்பியவர் அவர். இதற்கு முந்திய வருஷம்தான் ஸ்டாலின்கிராட் யுத்தத்தைப் பற்றி ஒரு படம் எடுத்திருந்தார். ஆகவே யுத்தத்துக்குக் கொட்டு முழக்குகிற ஆசாமி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு படத்தின்மேல் சில குறைகளும் சொல்லப் போகிறேன்.

பாஷை புரியாத படம் என்பதால் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மரியா என்று ஒரு பெண். சோன்யா ஸீமான் என்ற நடிகை அந்த வேஷத்தில் வருகிறார். அவள் புருஷன் கர்ட் யுத்த முனைக்குப் போய்விடுகிறான். பெர்லின் நகரத்தின்மேல் குண்டு விழுகிறது. ஹான்ஸ் என்ற கப்பல் அதிகாரி அவள் வாழ்க்கையில் குறுக்கிடுகிறான். வயிற்றில் குழந்தை. பெர்லினை விட்டுக் கிழக்கு பிரஷ்யாவுக்குப் போய் ஒரு பண்ணை வீட்டில் ஒதுங்குகிறாள். ஜெனரல் குடும்பத்து அம்மாள் ஒருவர் ஆதரவு கொடுக்கிறார். பிறகு செஞ்சேனை நெருங்கி வருகிறது. உறைபனியில் வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் கடற்கரைக்கு ஓடுகிறார்கள். கப்பலில் மரியா தன் புருஷனை மறுபடி சந்திக்கிறாள். கப்பல் மூழ்குகிறது. இவ்வளவுதான் கதை. அந்தக் காதல் பகுதி எனக்கு ருசிக்கவில்லை. நம் ஊர்ப் படங்களில் இதைவிட நன்றாகவே அழ வைப்பார்கள்!

ஆனால் தோழர்களே, மரியாதான் கற்பனை. கப்பல் கற்பனை அல்ல. வில்ஹெல்ம் குஸ்ட்லாப் என்று அதற்குப் பெயர். 1945-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி இரவு பால்டிக் கடலில் அது மூழ்கியது. செத்தவர்கள் 9,000 பேருக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். டைட்டானிக் கப்பலில் செத்தவர்கள் சுமார் 1,500 பேர். அதைப் பற்றி உலகம் பூராவும் தெரியும். அதைப்போல ஆறு மடங்கு ஜனங்கள் ஒரே ராத்திரியில் மடிந்த இந்தக் கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரே கப்பலில் இத்தனை உயிர் போனது கடல் சரித்திரத்திலேயே இல்லை என்கிறார்கள்.

அந்தக் கப்பல் யாருடையது என்று முதலில் பார்ப்போம். மில் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அது தொழிலாளர்களுடைய கப்பல் என்றுதான் பெயர்!

1933-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் பதவிக்கு வந்தான். மூன்று மாதம் கழித்து மே தினம் வந்தது. ஜெர்மன் தொழிற்சங்கங்கள் எத்தனையோ வருஷம் போராடியும் கிடைக்காத மே தின விடுமுறையை அவன் சம்பளத்தோடு கொடுத்தான்! பெர்லினில் லட்சக்கணக்கான தொழிலாளரைக் கூட்டி, 'உழைப்பைக் கௌரவியுங்கள்' என்று பேசினான். மறுநாள் மே 2-ந் தேதி காலையில் நாஜிப் படைகள் தேசம் முழுவதும் தொழிற்சங்க ஆபீசுகளுக்குள் புகுந்தன. தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கட்டடம், அச்சாபீஸ், பாங்கியில் இருந்த சங்கப் பணம் எல்லாம் பறிமுதல். காலணா காலணாவாகத் தொழிலாளி கட்டிய சந்தா அது. வேலைநிறுத்த உரிமை போயிற்று. கூலிக்குப் பேரம் பேசும் உரிமை போயிற்று. சங்கங்களுக்குப் பதிலாக 'ஜெர்மன் தொழிலாளர் முன்னணி' என்று ஒன்றை வைத்தார்கள். முதலாளியும் அதில் மெம்பர், தொழிலாளியும் மெம்பர்! ராபர்ட் லே என்பவன் அதற்குத் தலைவன்.

பிடுங்கின பிறகு ஏதாவது பொம்மை கொடுக்க வேண்டுமல்லவா? அதே வருஷம் நவம்பரில் 'களிப்பின் மூலம் வலிமை' என்று ஒரு ஸ்தாபனத்தை அந்த முன்னணியின் கீழ் ஆரம்பித்தார்கள். தொழிலாளிக்கு நாடகம், தொழிலாளிக்கு உல்லாசப் பயணம், தொழிலாளிக்குக் கப்பல் சவாரி! அந்த ஸ்தாபனத்துக்காகக் கட்டியதுதான் இந்தக் கப்பல். ஹாம்பர்க் நகரத்தில் 1937-ம் ஆண்டு மே 5-ந் தேதி, ஹிட்லரே வந்து நிற்க, கடலில் இறக்கினார்கள். 25,000 டன்னுக்கு மேல். நீளம் 200 மீட்டருக்கு மேல். முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பேதம் இல்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரி அறை என்று தம்பட்டம் அடித்தார்கள். உள்ளே நீச்சல் குளம், சினிமாக் கொட்டகை எல்லாம் உண்டு. நார்வே, இத்தாலி, மடீரா தீவு என்று பயணங்கள். சங்கமும் வேலைநிறுத்தமும் இல்லாத தொழிலாளியைக் கப்பலில் ஏற்றிப் போட்டோ எடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள்.

அதே ஸ்தாபனம் ஒரு மோட்டார் காரும் கொடுப்பதாகச் சொன்னது. வாரம் 5 மார்க் வீதம் ஸ்டாம்பு வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தால், 990 மார்க் சேர்ந்ததும் கார் வீட்டுக்கு வரும்! நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனி மாதிரிதான். 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒட்டினார்கள். யுத்தம் வந்தது. அந்தத் தொழிற்சாலை ராணுவ வண்டி செய்யப் போய்விட்டது. சீட்டுக் கட்டினவர்களில் ஒருவருக்குக்கூட நாஜி காலத்தில் கார் கிடைக்கவில்லை.

கப்பலுக்கும் அதே கதிதான். 1939-ம் ஆண்டு மே மாதம், ஸ்பெயின் ஜனங்களின் தலையில் குண்டு போட்ட 'காண்டோர்' படையை ஊருக்குக் கூட்டி வந்தது எது? இந்த உல்லாசக் கப்பல்தான். பிறகு கொஞ்ச காலம் ஆஸ்பத்திரிக் கப்பல். 1940-ம் ஆண்டு இறுதியிலிருந்து நீர்மூழ்கிப் படையில் சேர்ந்த வாலிபர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மிதக்கும் கொட்டடி. நான்கு வருஷத்துக்கு மேல் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது.

எந்தத் துறைமுகம்? படத்தின் பெயரிலேயே இருக்கிறது, கோட்டன்ஹாபன். தோழர்களே, அப்படி ஓர் ஊர் இன்று பூகோளப் படத்தில் கிடையாது. அது போலந்து நாட்டின் கிடினியா. போலந்து ஜனங்கள் சுதந்திரம் பெற்றபின் தங்கள் கையால் கட்டிய துறைமுகம். 1939-ல் நாஜிகள் அதைப் பிடித்ததும் அங்கே குடியிருந்த போலந்துக்காரர்களைப் பல்லாயிரக்கணக்கில் மூட்டை முடிச்சோடு விரட்டிவிட்டு, அந்த வீடுகளில் ஜெர்மானியரைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஊர்ப் பெயரையும் மாற்றினார்கள். ஆக, அந்தத் துறைமுகத்தில் அகதிகள் என்ற இனம் 1945-ல் புதிதாகப் பிறக்கவில்லை. முதல் அகதிகளை 1939-லேயே அனுப்பிவிட்டார்கள். 1960-ல் படம் எடுத்தவர்கள் ஹிட்லர் வைத்த பெயரையே தலைப்பில் வைத்தார்கள். கதை நடந்த காலத்தில் அதுதானே பெயர் என்று கேட்கலாம். இருக்கட்டும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று படம் பார்க்கிறவனுக்கு யார் சொல்வது?

விவசாயத் தோழர்களுக்கு இப்போது கிழக்கு பிரஷ்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தஞ்சை ஜில்லாவுக்கு மிராசுதார் எப்படியோ, அந்த நாட்டுக்கு யுங்கர் என்னும் பண்ணையார்கள் அப்படி. ஆயிரக்கணக்கான ஏக்கர், மாளிகை, குதிரை லாயம். ஜெர்மன் ராணுவத்தின் ஜெனரல்களில் பலர் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். யுத்தத்தின்போது அந்த நிலத்தில் பாடுபட்டது யார்? ஜெர்மன் ஆண்களெல்லாம் போர்முனையில். போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் பிடித்துவந்த ஆண் பெண்களும், பிரெஞ்சுப் போர்க்கைதிகளும்தான் உழுதார்கள், பால் கறந்தார்கள், உருளைக்கிழங்கு தோண்டினார்கள். போலந்துக்காரர் சட்டையில் 'பி' என்ற எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும். படத்தில் வருகிற பண்ணை அம்மாள் நல்லவர். பிரிஜிட்டே ஹோர்னி என்ற நடிகை கம்பீரமாக நடித்திருக்கிறார். எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் நல்ல பண்ணையார் அம்மாளைக் காட்டுவது சுலபம். களத்துமேட்டிலிருந்து பார்த்தால் அதே மாளிகை எப்படித் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும்.

1945 ஜனவரி நடுவில் செஞ்சேனையின் பெருந்தாக்குதல் ஆரம்பமாயிற்று. கிழக்கு பிரஷ்யாவுக்கு நாஜிக் கட்சி அதிபதி எரிக் கோக். உக்ரைனில் லட்சக்கணக்கானவர்களின் ரத்தம் தோய்ந்த கை அவனுடையது. ஜனங்கள் ஊரை விட்டுப் போக அவன் அனுமதிக்கவில்லை. மூட்டை கட்டுகிறவன் துரோகி, தோல்வி மனப்பான்மை பரப்புகிறவன் என்று தண்டனை. ரஷ்யப் பீரங்கிச் சத்தம் காதில் விழுகிறது, பெண்டு பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்! ஜனவரி கடைசியில் செஞ்சேனை கடற்கரையை எட்டி, மேற்கே போகிற நிலவழியை அடைத்துவிட்டது. பிறகு எங்கே போவது? கடல் ஒன்றுதான் வழி.

நம் மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டு அந்தப் பனியைப் பார்க்கக் கூடாது. உப்பங்கழி முழுவதும் பாறை மாதிரி உறைந்து கிடக்கிறது. அதன்மேல் பாரவண்டியும் குதிரையும் ஜனங்களும் வரிசையாகப் போகிறார்கள். மேலே சோவியத் விமானங்கள் சுடுகின்றன. பனி வெடித்தால் வண்டியோடு உள்ளே. வழியில் செத்த கைக்குழந்தையைப் புதைக்க மண் கிடையாது, தோண்ட முடியாது. ஆண்கள் இல்லை. கிழவர், பெண்கள், குழந்தைகள். படத்தில் மிகவும் நன்றாக வந்திருக்கிற பகுதி இதுதான் என்பது என் அபிப்பிராயம். அங்கே யாரும் வசனம் பேசவில்லை. வண்டிச் சக்கரம்தான் பேசுகிறது.

ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் கப்பல்களைத் திரட்ட உத்தரவிட்டான். ஜனவரி முதல் மே வரை 20 லட்சம் பேர்போல அந்தக் கடல் வழியாகப் போனார்கள். இதை வைத்துப் பிற்காலத்தில் அவனை மீட்பர் என்றெல்லாம் புகழ்ந்தார்கள். குஸ்ட்லாப் கப்பல் எதற்காகப் புறப்பட்டது தெரியுமா? நீர்மூழ்கிப் பயிற்சிப் படையை மேற்கே கொண்டுபோய், மறுபடி யுத்தத்தில் இறக்குவதற்காக. அகதிகள் மிச்ச இடத்தில் ஏற்றப்பட்டவர்கள். கணக்கில் பதிந்தவர்கள் 6,050 பேர். அதில் பயிற்சிப் படையினர் 918, கடற்படை உதவிப் பெண்கள் 373, காயம்பட்ட சிப்பாய்கள் 162, கப்பல் ஊழியர் 173, மீதி 4,424 பேர் அகதிகள். காகிதம் தீர்ந்ததோ பொறுமை தீர்ந்ததோ, அதற்குப் பிறகு பதியவில்லை. கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. சுமார் 1,500 பயணிகளுக்காகக் கட்டிய கப்பலில் 10,000 பேருக்கு மேல் இருந்தார்கள் என்று பின்னாளில் கணக்கிட்டவர் ஹைன்ஸ் ஷோன். அதே கப்பலில் கணக்கு உதவியாளராக இருந்து உயிர் தப்பியவர் அவர். வாழ்நாள் முழுவதும் அந்தக் கணக்கைத் தேடினார். அவர் கணக்குப்படி செத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைகள்.

தண்ணீர் வற்றவைத்த நீச்சல் குளத்தில் உதவிப் பெண்களைப் படுக்க வைத்தார்கள். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள். தொழிலாளி நீந்துவான் என்று போட்டோ எடுத்தார்களே, அதே குளம்.

30-ந் தேதி மத்தியானம் கப்பல் புறப்பட்டது. நல்ல காவல் இல்லை. ஒரு கப்பல் பழுதாகித் திரும்பிவிட்டது. கூடப் போன ஒரே டார்பிடோப் படகில் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் கருவி உறைந்துபோயிருந்தது. மேல்தட்டில் நான்கு காப்டன்கள், நான்கு அபிப்பிராயம். கரையோரம் போகலாமா, ஆழத்தில் போகலாமா, நேராகப் போகலாமா, வளைந்து வளைந்து போகலாமா என்று தகராறு. நம் கண்ணிவாரிக் கப்பல்கள் எதிரே வருகின்றன என்று ஒரு செய்தி வந்ததாம். மோதிவிடக் கூடாதென்று அடையாள விளக்குகளைப் போட்டார்கள். இருட்டுக் கடலில் விளக்குப் போட்ட கப்பல்! அன்று ஹிட்லர் பதவிக்கு வந்த 12-ம் ஆண்டு விழா. ராத்திரி அவனுடைய பேச்சு ரேடியோவில். கப்பலின் ஒலிபெருக்கியில் அதை எல்லோரும் கேட்கும்படி வைத்தார்கள். அதுதான் ஜெர்மன் ஜனங்களுக்கு அவன் ரேடியோவில் பேசிய கடைசிப் பேச்சு.

பேச்சு முடியட்டும் என்று காத்திருந்த மாதிரி, 9 மணிக்குக் கொஞ்சம் பிந்தி மூன்று டார்பிடோக்கள் தாக்கின. ஒன்று முன்பக்கம், ஒன்று நீச்சல் குளத்துப் பக்கம், ஒன்று இயந்திர அறையில். தண்ணீர் மேலும் பரவாமல் இருக்க இரும்புக் கதவுகளை மூடினார்கள். உயிர்ப்படகுகளை இறக்கத் தெரிந்த மாலுமிகளில் பலர் அந்தக் கதவுகளுக்குப் பின்னால்! படகுகளோ கட்டிய இடத்திலேயே உறைந்து கிடந்தன. மாடிப்படிகளில் மிதிபட்டுச் செத்தவர்களே ஏராளம், பெரும்பாலும் குழந்தைகள். பெரியவர்களுக்கென்று செய்த மிதவைச் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால் தலை கீழாகக் கவிழ்ந்துவிடும், கால் மட்டும் மேலே தெரியும். தப்பியவர்கள் பலர் அதை மறக்க முடியாமல் பேசியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழிந்து கொஞ்ச நேரத்தில் கப்பல் அடியில் போய்விட்டது. மற்றக் கப்பல்கள் வந்து இரவோடு இரவாக 1,200 பேர்போலத் தூக்கி எடுத்தன.

டார்பிடோவை விட்டது யார்? எஸ்-13 என்ற சோவியத் நீர்மூழ்கி. காப்டன் அலெக்சாண்டர் மரினெஸ்கோ.

இங்கேதான் தோழர்களே, நமக்குத் தொண்டையில் மாட்டுகிறது. கொஞ்ச நேரத்துக்கு முன் விளக்குப் போட்டபோது ஒரு வாலிபத் தோழர், "நாஜிகள்தானே, சாகட்டும்!" என்றார். பக்கத்தில் இருந்த ஒரு தாய் அவரை முறைத்துப் பார்த்ததையும் கவனித்தேன். நான் அந்தத் தாயின் கட்சி. மூன்று வயதுப் பிள்ளை நாஜி அல்ல. எரிக் கோக்கின் உத்தரவுக்குப் பயந்து ஜனவரி வரை வீட்டில் உட்கார்ந்திருந்த பண்ணை வேலைக்காரி நாஜிப் படைத் தளபதி அல்ல. அவர்களுக்காக அழுவதற்கு நாம் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அப்படியானால் மரினெஸ்கோ கொலைகாரனா? அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கப்பலில் செஞ்சிலுவைச் சின்னம் இல்லை. அது ஆஸ்பத்திரிக் கப்பலாகப் பதிவாகியிருக்கவில்லை. விமான எதிர்ப்புப் பீரங்கி வைத்திருந்தது. நீர்மூழ்கிப் படையினர் 900 பேருக்கு மேல் உள்ளே. இருட்டில், நீருக்குமேல் ஒரு பெரிய உருவம், பக்கத்தில் யுத்தப் படகு, இதுதான் அவர் கண்ட காட்சி. உள்ளே 5,000 குழந்தைகள் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யார்? ஏற்றியவர்கள். சிப்பாயையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஒரே கப்பலில் அடைத்து, யுத்தக் கடலில் அனுப்பியவர்கள். டார்பிடோ ஒன்றில் 'லெனின்கிராடுக்காக' என்று எழுதியிருந்ததாம். லெனின்கிராட் நகரத்தை 1941 முதல் 1944 வரை 872 நாள் முற்றுகை போட்டுப் பட்டினியால் கொன்றார்கள். செத்தவர்கள் சுமார் 10 லட்சம்.

கடல் வழியாகத் தப்பி ஓடியவர்கள் ஜெர்மானியர் மட்டுமா? 1941-ம் ஆண்டு ஆகஸ்டில் டாலின் துறைமுகத்திலிருந்து சோவியத் கப்பல்கள் படையினரையும் பொதுஜனங்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பின. ஜெர்மன், பின்லாந்துக் கண்ணிவெடிகளிலும் விமானக் குண்டிலும் ஆயிரமாயிரமாக மூழ்கினார்கள். அதே வருஷம் நவம்பர் 7-ந் தேதி கருங்கடலில் 'ஆர்மீனியா' என்ற கப்பலை ஜெர்மன் விமானம் மூழ்கடித்தது. கிரீமியாவிலிருந்து காயம்பட்டவர்கள், டாக்டர்கள், நர்சுகள், ஊரை விட்டு ஓடும் குடும்பங்கள், ஐயாயிரத்துக்கும் மேல் என்று சொல்கிறார்கள். தப்பியவர்களை விரல் விட்டு எண்ணலாம். கப்பலின் உடலைக் கடலடியில் கண்டுபிடித்ததே 2020-ல்தான்.

இன்னொன்றையும் மூடி மறைக்காமல் பேச வேண்டும். அந்த ஜனங்கள் ஏன் அப்படி ஓடினார்கள்? கோயபல்ஸ் பிரசாரம் என்று சொல்லி முடித்துவிடலாம். பிரசாரம் இருந்தது உண்மை. ஆனால் கிழக்கு பிரஷ்யாவில் நுழைந்த செஞ்சேனைச் சிப்பாய்கள் பலர் பெண்களைக் கெடுத்ததும், சாதாரண ஜனங்களைச் சுட்டதும், வீடுகளைக் கொளுத்தியதும் உண்மைதான். அந்தச் சிப்பாய்களில் எத்தனையோ பேருடைய கிராமத்தை ஜெர்மானியர் எரித்திருந்தார்கள். வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. அது காரணம், நியாயம் ஆகாது. அப்படிச் சொன்னவர் அதே சேனையில் இருந்தார். லெவ் கோப்பலெவ் என்ற மேஜர். ஜெர்மன் ஜனங்களைத் துன்புறுத்தாதே என்று தன் ஆட்களைத் தடுத்தார். அதற்காகவே 1945-ல் அவரைக் கைது செய்து பல வருஷம் சிறையில் வைத்தார்கள். அந்தத் தண்டனை தவறு, வெட்கக்கேடு. பாசிசத்தைத் தோற்கடித்தது செஞ்சேனைதான் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிற நாம் இதையும் நம் வாயாலேயே சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் சொல்வதற்கு எதிரி காத்திருக்கிறான். அவன் இதை மட்டும்தான் சொல்லுவான்.

மரினெஸ்கோவுக்கும் சுகப்படவில்லை. கட்டுப்பாடு மீறினார், குடித்தார் என்று 1945-லேயே பதவி இறக்கி வெளியேற்றினார்கள். சிறை முகாமும் பார்த்தார். 1963-ல் லெனின்கிராடில் வறுமையில் இறந்தார். 'சோவியத் நாட்டின் வீரர்' என்ற பட்டம் 1990-ல் வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

படத்தின் குறைக்கு வருகிறேன். கப்பல் மூழ்குவதோடு படம் முடிந்துவிடுகிறது. காலண்டரில் மறுநாள் 31-ந் தேதி இருக்கிறது. அதே கடற்கரையில், பால்ம்னிக்கன் என்ற ஊர். அம்பர் தோண்டும் சுரங்கம் உள்ள ஊர். நாஜி முகாம்களில் அடைபட்டிருந்த யூதக் கைதிகளைச் செஞ்சேனை கையில் சிக்காமல் இருக்கப் பனியில் நடத்தி அங்கே ஓட்டிவந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வழியிலேயே சுடப்பட்டவர் ஏராளம். அந்த 31-ந் தேதி ராத்திரி மிச்சமிருந்தவர்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், உறைந்த நீருக்குள் விரட்டி, இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். சுமார் 3,000 பேர். அவர்களுக்கும் கடல்தான் முன்னால் இருந்தது. கப்பல் இல்லை.

மே மாதம் 3-ந் தேதி, யுத்தம் முடிய ஐந்து நாள். 'காப் ஆர்கோனா' என்ற கப்பலில் முகாம் கைதிகளை அடைத்து லூபெக் வளைகுடாவில் நிறுத்தியிருந்தார்கள். சோவியத்துக்காரர், போலந்துக்காரர், ஜெர்மன் கம்யூனிஸ்டுகளும் அதில் இருந்தார்கள். துருப்புகள் தப்புகின்றன என்று நினைத்து பிரிட்டிஷ் விமானங்கள் அதையும் பக்கத்துக் கப்பலையும் தாக்கின. 7,000 பேர்போல மாண்டார்கள். நீந்திக் கரையேறியவர்களைக் கரையில் நின்ற நாஜிகள் சுட்டார்கள். இதே காப் ஆர்கோனா சில வாரத்துக்கு முன்புவரை கிழக்கு பிரஷ்யா அகதிகளை ஏற்றி வந்த கப்பல். அதற்கும் முன்னால், டைட்டானிக் பற்றி நாஜிகள் ஒரு பிரசாரப் படம் எடுத்தார்களே, அதில் டைட்டானிக்காக நடித்த கப்பலும் அதுதான்! எவ்வளவு பெரிய படம் எடுக்கலாம் பாருங்கள், இந்த ஒரு கப்பலை வைத்து.

1960-ல் இந்தப் படம் வந்தபோது மேற்கு ஜெர்மனியில் அகதிகள் விவகார மந்திரியாக இருந்தவன் தியோடோர் ஓபர்லாண்டர். பழைய நாஜி. அந்த வருஷம் மே மாதம் அவனுடைய பூர்வோத்தரம் சந்திக்கு வந்து ராஜினாமா செய்தான். கிழக்கே இழந்த நிலம் எங்களுக்கே திரும்ப வேண்டும் என்று முழங்கிய அகதிச் சங்கங்கள் அப்போது பலமாக இருந்தன. கடலில் மூழ்கிய குழந்தையைக் காட்டிப் போலந்தின் எல்லையை மாற்றலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. விஸ்பார் அதற்காக எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. படத்தில் ஹிட்லர் மேல் அன்பு இல்லை, யுத்தத்தின்மேல் வெறுப்பு இருக்கிறது. ஆனால் யுத்தம் மழை புயல் மாதிரி எங்கிருந்தோ வந்து விழுந்ததாக அது காட்டுகிறது. பெண்கள் அழ, ஆண்கள் சாக, யார் ஆரம்பித்தது என்ற கேள்வி மட்டும் கப்பலோடு மூழ்கிவிடுகிறது. 2002-ல் குந்தர் கிராஸ் இதே கப்பலைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். டான்சிக்கில் பிறந்தவர். ஜெர்மன் முற்போக்காளர்கள் இத்தனை காலம் இந்தச் சாவுகளைப் பற்றிப் பேசாமல் விட்டதால் அந்த இடத்தைப் புது நாஜிகள் பிடித்துக்கொண்டார்கள் என்பது அவர் கவலை. அதை நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். 2008-ல் ஜெர்மன் டெலிவிஷனிலும் இரண்டு பாகமாக ஒரு படம் வந்தது. கிடைத்தால் அதையும் போடுவோம். ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எரிக் கோக் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஜனங்களைப் போகாதே என்று தடுத்தவன், ஏப்ரல் மாதம் தனக்கென்று வைத்திருந்த பனி உடைக்கும் கப்பலில் ஏறி மேற்கே தப்பிவிட்டான்! பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தான். 1949-ல் பிடிபட்டான். போலந்துக்கு அனுப்பினார்கள். 1959-ல் வார்சா கோர்ட்டு மரண தண்டனை விதித்தது. உடம்பு சரியில்லை என்று தூக்கில் போடவில்லை. 1986-ல், 90 வயதில், போலந்துச் சிறையில் செத்தான்.

அன்று இரவு கடலில் நடந்த ஒன்று படத்தில் காட்டியதைவிடப் பெரியது. கப்பல் மூழ்கிப் பல மணி நேரம் கழித்து, விடியும் முன்னால், ஒரு சிறு ரோந்துக் கப்பல் அந்தப் பக்கம் வந்தது. பிணங்களுக்கு நடுவே ஒரு படகு மிதந்தது. மாலுமி ஒருவர் அதில் குதித்துத் தேடினார். எல்லோரும் விறைத்துக் கிடந்தார்கள். கம்பளியில் சுற்றிய ஒரு கைக்குழந்தைக்கு மட்டும் மூச்சு இருந்தது. கடைசியாக மீட்கப்பட்ட உயிர் அதுதான். அந்த மாலுமியும் அவர் மனைவியும் குழந்தையைத் தாங்களே எடுத்து வளர்த்தார்கள்.